மரம் ஏறும் கருவிக்குப் பொருத்தமான கயிற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கயிற்றில் மாட்டி, பிடித்தும் விட்டும் ஏறி இறங்க உதவும் உலோகக் கருவியில் பொறித்திருக்கும் அளவுக்குள் கயிற்றின் தடிமன் இருக்க வேண்டும். ஆனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே 11.7 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கயிறுகளை ஒரே கருவியில் மாட்டினால் ஒன்று வழுக்கலாம், இன்னொன்று இறுகிக்கொண்டு இறங்க விடாமல் போகலாம். தடிமன், உள்கயிற்றை மூடியிருக்கும் மேலுறையின் பின்னல், விறைப்பு, இழை, ஈரம் எல்லாம் சேர்ந்துதான் பிடிப்பை முடிவு செய்கின்றன. அதனால் முதலில் கருவியை முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கேற்ற கயிற்றைத் தேடுங்கள்.

மதுரைப் பக்கத்துப் புளி, வேம்பு, ஆல், தூங்குமூஞ்சி போன்ற கவட்டையுள்ள மரங்களுக்குத்தான் இந்த முறை. சோழவந்தான் தென்னைக்கும் பனைக்கும் கயிறு போடக் கிளை கிடையாது. அவற்றுக்கு மிதித்து ஏறும் கருவி வேறு, அது இதில் சேராது.

ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் பிளாஸ்டிக் கயிற்றில் ஏறவே கூடாது. பெரும்பாலும் அது பாலிப்ரொப்பிலீன். சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், எவ்வளவு தாங்கும் என்ற சீட்டும் இருக்காது. லாரியில் பாரம் கட்ட அது போதும், ஆள் தொங்க உதவாது. பாறை ஏறுபவர்களின் இழுபடும் கயிறும் (சீட்டில் ஐரோப்பியத் தர எண் ஈஎன் 892 என்று இருக்கும்) வேண்டாம். விழும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்க அது நீள்கிறது. மரத்தில் நாள் முழுக்கத் தொங்கி வேலை செய்பவரை அதே நீட்சி மேலும் கீழும் ஆட்டும்.

சீட்டில் நீட்சி குறைந்த கயிற்றுக்கான ஈஎன் 1891, ‘ஏ’ வகை என்று இருக்க வேண்டும். இந்த வகைக் கயிறு 22 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 2,200 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். முடிச்சோ தைத்த கண்ணோ போட்ட பிறகு 15 கிலோ நியூட்டனை 3 நிமிடம் தாங்க வேண்டும். கயிற்றின் நுனியில் வகையும் தடிமனும் அச்சிட்டிருக்கும். தயாரித்த ஆண்டையும் பார்த்து வாங்குங்கள்.

எந்த முறையில் ஏறுகிறீர்கள்?

கயிறு கிளையைச் சுற்றி இரண்டாக இறங்கி, நம்மோடு ஓடும் முறையில் கருவியின் மேல் பாதி எடைதான் விழும். மேலே மரப்பட்டையிலோ கயிற்றை ஓடவிடும் வளையத்திலோ உரசுவதும் கொஞ்சம் எடையைப் பகிர்ந்துகொள்ளும். பெட்ஸ்ல் நிறுவனத்தின் ஜிக்ஜாக் இந்த முறைக்கான கருவி. அதன் அளவு 11.5 முதல் 13 மி.மீ.

கயிறு ஒற்றையாக அசையாமல் நிற்க, நாம் மட்டும் அதில் ஏறும் முறையில் முழு எடையும் கருவி மேல்தான். இரட்டைக் கயிற்றில் நன்றாகப் பிடித்த கயிறு இங்கே வழுக்கலாம். ஜிக்ஜாக்கை ஒற்றைக் கயிற்றில் தனியாகப் பயன்படுத்தக் கூடாது, மேலே சிக்கேன் என்ற துணைக் கருவி வேண்டும். கருவிக்குப் பதில் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் முடிச்சில் ஏறுபவருக்கு, உராய்வைக் கூட்டும் ரோப் ரெஞ்ச் என்ற துணைக் கருவி வேண்டும். ஒற்றைக் கயிற்றில் நீட்சியும் முழுதாகத் தெரியும் என்பதால் நீட்சி குறைந்த கயிறாக எடுங்கள். தொழிற்சாலை வேலைக்கான பெட்ஸ்ல் ரிக்கை வைத்திருப்பவர்கள் 11 மி.மீ. வாங்கினால் சரியாக இருக்கும். அதன் எல்லை 10.5 முதல் 11.5 வரைதான். தடித்த மரக் கயிறு அதில் திணறும்.

தடிமனை நீங்களே அளங்கள்

சீட்டில் போட்டிருப்பது புதுக் கயிற்றின் தடிமன். நனைந்து காய்ந்ததும் நைலான் சுருங்கித் தடிக்கும். ஒரு தையல் நூலைக் கயிற்றைச் சுற்றி, இறுக்கி நசுக்காமல், ஒரே ஒரு சுற்று சுற்றி அந்த நீளத்தை ஸ்கேலில் வையுங்கள். 36 மி.மீ. என்றால் தடிமன் 11.5, 41 என்றால் 13. கருவியின் எல்லை 13 ஆக இருந்து, புதிதிலேயே 13 உள்ள கயிற்றை வாங்கினால் ஒரு மழைக்காலம் போனதும் இழுக்க இழுக்க வராது. அந்த மேல் எல்லையை விட்டுத் தள்ளி, 11.7 அல்லது 12 மி.மீ. எடுப்பதே நல்லது.

மேலுறையும் விறைப்பும்

16 இழைப் பின்னலில் இழைகள் தடித்தவை, எடையில் பெரும்பகுதியை மேலுறையே சுமக்கும். புளியம்பட்டையில் உரசினாலும் தாங்கும், கயிற்றைச் சுற்றிப் போட்டு ஏறும் பிளேக்ஸ் முடிச்சுக்கு அருமையாகப் பிடிக்கும். ஆனால் இயந்திரக் கருவியில் மேடு பள்ளமாக ஓடும், மேலுறை உள்கயிற்றை விட்டு நுனிப்பக்கம் திரளும். கருவிக்கு 24 இழையே பொதுவாக ஒத்துவரும். 32, 48 இழைக் கயிறுகள் வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். ரிக் போன்ற கருவியில் சீராக ஓடும், ஏறும் கயிற்றைச் சுற்றிப் போடும் துணைக்கயிற்று முடிச்சிலோ நழுவப் பார்க்கும். துணைக்கயிறு 8 முதல் 10 மி.மீ. வரை இருக்கலாம். அதன் மேலுறை உருகாத அராமிட் இழையாக இருப்பது நல்லது.

விறைப்பை அறிய, கயிற்றில் ஒரு சாதா முடிச்சுப் போட்டு அதில் 10 கிலோ அரிசிப் பையை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். பையை எடுத்துவிட்டு, முடிச்சின் நடு ஓட்டையை அளங்கள். ஓட்டை தடிமனைப்போல் 1.2 மடங்குக்கு மேல் இருந்தால் கயிறு மிக விறைப்பு. கருவியின் வளைவுகளில் அது படியாது. ஓட்டையே இல்லாமல் மூடிக்கொண்டால் கயிறு மெத்தென்று இருக்கிறது என்று பொருள். அது கருவிக்குள் தட்டையாகி நழுவும்.

இழையைப் பொறுத்தவரை எங்கள் பரிந்துரை பாலியெஸ்டர் மேலுறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும், வலுவிலும் 10 முதல் 15 சதவீதம் குறையும். பாலியெஸ்டர் அப்படி ஆகாது. உருகும் வெப்பமும் அதற்கு சுமார் 255 டிகிரி. டைனீமா வகை (மிக வலுவான பாலியெத்திலீன்) இழை 145 டிகிரியிலேயே உருகும் என்பதால் உராயும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

நீளத்துக்குக் கணக்கு எளிது. 15 மீட்டர் உயரக் கவட்டைக்கு இரட்டைக் கயிறு என்றால் 30, முடிச்சுக்கும் மிச்சத்துக்கும் 5, ஆக 35 மீட்டர். நுனியில் தடுப்பு முடிச்சு எப்போதும் இருக்க வேண்டும்.

தரையோடு தரையாகச் சோதனை

புதுக் கயிற்றில் ஆலை மெழுகு இருக்கும், வழுக்கும். சாதாத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, வெயில் படாமல் நிழலில் முழுக்கக் காயவிட்ட பிறகே சோதிக்க வேண்டும்.

உறுதியான தாழ்ந்த கிளையில், கால் தரைக்கு எட்டும் உயரத்தில் தொடங்குங்கள். ரம்பம் உட்பட நீங்கள் சுமக்கும் எல்லாவற்றையும் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். மெல்ல உட்கார்ந்து கையை எடுங்கள். ஒரு நிமிடம் துளியும் நகரக் கூடாது. இரண்டு முறை குதித்து உட்காருங்கள். பிறகு ஒரு கையால் விடுவித்து அரை மீட்டர் இறங்குங்கள். விட்டதும் உடனே பிடிக்க வேண்டும்.

பலர் விட்டுவிடும் ஒன்று கருவிக்குக் கீழே தொங்கும் கயிற்றின் எடை. மீட்டருக்கு சுமார் 100 கிராம் என்றால் 20 மீட்டருக்கு 2 கிலோ. அந்த எடை கயிற்றைக் கீழே இழுத்து உராய்வைக் கூட்டும். அதனால்தான் உச்சியில் இறங்கத் தயங்கும் கருவி தரை நெருங்க நெருங்க வேகமாகிறது. கருவிக்குக் கீழ்க் கயிற்றில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி ஒரு முறை, கட்டாமல் ஒரு முறை சோதியுங்கள். கட்டியபோது மட்டும் பிடிக்கும் கயிறு உங்கள் கருவிக்கானது அல்ல. கடைசியாகக் கயிற்றை நனைத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள்.

உட்கார்ந்ததும் மெல்ல ஊர்ந்தால் கயிறு மெலிது அல்லது மெழுகு போகவில்லை. விட்டு விட்டு வெடுக்கென்று இறங்கினால் தடிமனோ விறைப்போ அதிகம், அல்லது வேப்பம்பிசினும் ஆலம்பாலும் ஒட்டியிருக்கிறது. மேலுறை பளபளவென்று கண்ணாடிபோல் இறுகியிருந்தால் வேகமாக இறங்கிச் சூடாக்கிய அடையாளம். சித்திரை வெயிலில் கிடந்த கருவி தொடும்போதே சுடும், அதோடு நீளமாக இறங்கி நடுவில் நின்றால் சூட்டு உலோகம் ஒரே இடத்தில் கயிற்றைப் பொசுக்கும். நிதானமாக இறங்கி, தரையில் கால்பட்டதும் கயிற்றைக் கருவியிலிருந்து உருவிவிடுங்கள்.

உள்கயிறு வெளியே தெரிந்தால், ஓரிடம் மட்டும் தட்டையாகவோ கட்டியாகவோ தட்டுப்பட்டால், பேட்டரி ஆசிட் பட்ட சந்தேகம் இருந்தால், கயிற்றை அங்கேயே துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாக வைத்திருந்தால் யாராவது எடுத்து ஏறிவிடுவார்கள்.