பிரேத விசாரணைக் காகிதத்தில் தீர்ப்பைக் கடைசியாகப் படியுங்கள்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தெற்கில், பருத்தி விளைகிற ஏதோ ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), ஒரு ஆள் திடீரென்று செத்துக் கிடந்தால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கிற நல்ல வழி கொரோனர், அதாவது திடீர் மரணங்களை விசாரிக்கிற அதிகாரி, நடத்திய விசாரணையின் காகிதம்தான். இலங்கை வாசகர்களுக்கு மரண விசாரணை அதிகாரி என்றால் உடனே புரியும், இரண்டும் ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்தவைதான். குடும்ப வரலாறு தேடுகிறவர்களும், அந்தக் காலத்தைப் பற்றி எழுத நினைப்பவர்களும் இந்தக் காகிதங்களை எடுத்தவுடன் கடைசி வரிக்குப் போய் "சாவுக்குக் காரணம் இது" என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இறந்தவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிக்கு முன்னாலேயே இருக்கிறது.

ஒரு இடத்தை வைத்துப் பேசினால் வசதி. தென் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்டை எடுத்துக்கொள்வோம், சவானா ஆற்றங்கரை வரை நீண்டிருந்த பகுதி, அக்கரையில் ஜார்ஜியாவின் அகஸ்டா. 1856இல் அமெரிக்க செனட் சபைக்குள்ளேயே, அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னரைக் கைத்தடியால் அடித்துச் சாய்த்த பிரெஸ்டன் புரூக்ஸ் இந்த ஊர்க்காரர். 1860இல் இங்கே வாழ்ந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் அடிமைகள். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தென் கரோலினாவில் 1868க்கு முன்னால் கவுண்டிகளுக்கு 'டிஸ்ட்ரிக்ட்' என்றுதான் பெயர், அதனால் பழைய காகிதங்களை எட்ஜ்ஃபீல்டு டிஸ்ட்ரிக்ட் என்று தேடினால்தான் கிடைக்கும். ஜார்ஜியா பல்கலைக்கழக வரலாற்றாளர்கள் தென் கரோலினாவின் சில கவுண்டிகளுடைய காகிதங்களை 'சிஎஸ்ஐ டிக்ஸி' என்ற தளத்தில் போட்டிருக்கிறார்கள், பழகிப் பார்க்க அது நல்ல இடம்.

முதலில் அந்தக் காகிதம் எப்படி உருவானது என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். சடலம் கிடக்கிறது என்று தகவல் வரும், கொரோனர் புறப்படுவார், அவர் தூரத்தில் இருந்தால் பக்கத்து மாஜிஸ்ட்ரேட் அவர் இடத்தில் உட்காருவார். கொரோனர் மருத்துவம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து ஆண்களைக் கூப்பிட்டு, ஒரு டஜன் பேரளவில் ஜூரியாகச் சத்தியம் செய்ய வைப்பார்கள். வீட்டுத் திண்ணையோ, வயலோ, ஆற்றோரமோ, சடலம் கிடக்கிற இடத்திலேயே, அதைப் பார்த்தபடியே விசாரணை. சாட்சிகள் பேசப் பேச ஒருவர் எழுதுவார், டாக்டர் கிடைத்தால் காயங்களைப் பார்த்துச் சொல்வார், அப்புறம் ஜூரிகள் தீர்ப்பெழுதிக் கையெழுத்திடுவார்கள். கைரேகையும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான்.

இப்போது படிக்கிற வரிசைக்கு வருவோம். முதலில் சாட்சி வாக்குமூலங்கள், அதுவும் எழுத்துப்பிழையைத் திருத்தாமல், இருக்கிறபடியே நகல் எடுங்கள். எத்தனை மணிக்குக் கூச்சல் கேட்டது, யார் விஸ்கி குடித்திருந்தார்கள், கடைசியாகச் சாப்பிட்டது என்ன, யார் யாரிடம் எவ்வளவு கடன் என்பதெல்லாம் இங்கேதான் கொட்டிக் கிடக்கும். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பேருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி இருந்தால், அவருக்கு எழுதத் தெரியாது, அவர் பேச்சை வேறொருவர் எழுதியிருக்கிறார். ஆகவே அதில் வருகிற சட்ட மொழி அவருடையது அல்ல. அடுத்து டாக்டர் சொன்னது. காயத்தின் அகலம் இத்தனை அங்குலம், ஆழம் இத்தனை அங்குலம் என்று எழுதியிருப்பார்கள், அதை ஒரு உடல் படம் வரைந்து அதில் குறியுங்கள். முதுகில் விழுந்த குண்டைச் சாட்சி "எதிர்த்து வந்தான், சுட்டேன்" என்று விளக்குவது அப்போது கண்ணில் படும்.

மூன்றாவதாக ஜூரிகளின் பட்டியல். இதை யாருமே பார்ப்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். அந்தப் பெயர்களை அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடுங்கள், யார் யாருக்குப் பக்கத்து வீடு, யார் யாருக்கு மச்சான், யார் எத்தனை அடிமைகளை வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும். குற்றம் சாட்டப்பட வேண்டியவரின் உறவினர்களே உட்கார்ந்து எழுதிய தீர்ப்பை நீங்கள் அப்புறம் வேறு மாதிரிதான் படிப்பீர்கள்.

கடைசியாகத்தான் தீர்ப்பு. அதில் பாதி, வழிவழியாக வந்த வாசகம். "கடவுள் பயமில்லாமல், பிசாசின் தூண்டுதலால்" என்று வந்தால் ஜூரிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம், கொலை வழக்குகளுக்கு எழுதுகிற வழக்கமான வரி அது. "கடவுளின் செயலால்" என்று வந்தால் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம், அல்லது காரணம் தெரியவில்லை என்றும் பொருள். குழந்தை "தாய் மேலே புரண்டு மூச்சுத் திணறி" இறந்தது என்பதை நம்பித் தாயைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். அடிமைத் தாய்களின் குழந்தைகளைப் பற்றி இப்படி நிறையவே எழுதினார்கள், அவற்றில் பலவும் இன்று நாம் காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணம் என்று சொல்வதாக இருந்திருக்கும் என்பது பின்னாள் ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து.

அடிமையாக இருந்தவரின் மரணம் என்றால் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். 1850, 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், மிகப் பெரும்பாலும் பெயர் இருக்காது. விசாரணைக் காகிதத்திலோ பெயர் இருக்கும். ஒரு மனிதர் வாழ்ந்ததற்கான ஒரே எழுத்துச் சான்று அவர் செத்த விதத்தைச் சொல்லும் இந்தத் தாளாகவே இருக்கலாம். அப்புறம், யார் பேசவில்லை என்பதையும் எழுதி வையுங்கள். உள்நாட்டுப் போருக்கு (1861-65) முன்னால் கறுப்பர்கள் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது. தென் கரோலினாவின் 1740ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெள்ளையர் யாரும் பார்க்காத இடத்தில் அடிமை இறந்தால், உரிமையாளர் தானே சத்தியம் செய்து தன்னை விடுவித்துக்கொள்ள வழி இருந்தது. அதே சட்டத்தில் அடிமையை வேண்டுமென்றே கொன்றால் 700 பவுண்டு அபராதம், ஆத்திரத்திலோ 'திருத்துவதற்காக' அளவுமீறி அடித்தோ கொன்றால் 350 பவுண்டு. 1821இல்தான் வேண்டுமென்றே செய்த கொலைக்கு மரண தண்டனை வந்தது, அப்போதும் ஆத்திரத்தில் கொன்றதாகச் சொன்னால் 500 டாலருக்கு மேல் போகாத அபராதமும் ஆறு மாதத்துக்கு மேல் போகாத சிறையும்தான். ஜூரி ஏன் 'ஆத்திரம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது என்று இந்த எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும்.

போருக்குப் பின் 1868இலிருந்து கறுப்பர்களும் ஜூரியில் உட்கார்ந்தார்கள், கறுப்பு அதிகாரிகளும் வந்தார்கள். இந்தச் சில வருடக் காகிதங்களைத் தனியாக எடுத்து வைத்துப் படியுங்கள், முன்பு வாய் மூடியிருந்தவர்கள் இவற்றில் பேசுகிறார்கள். 1876 ஜூலை 8 அன்று ஹாம்பர்க் ஊரில் கறுப்பு மிலிஷியாக்காரர்களை (மாநிலத்தின் குடிமக்கள் படையில் இருந்தவர்களை) வெள்ளைக் கும்பல் கொன்றது. (ஹாம்பர்க் 1871 வரை எட்ஜ்ஃபீல்டில் இருந்தது, பிறகு ஐக்கன் கவுண்டி.) அங்கே விசாரணை நடத்தியவர் பிரின்ஸ் ரிவர்ஸ், முன்பு அடிமையாக இருந்து, வடக்குப் படையில் சார்ஜெண்டாகி, நீதிபதியானவர். அந்த ஜூரி ஏராளமான வெள்ளையர்களைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டியது, அதில் பெஞ்சமின் டில்மனும் ஒருவர். ஒருவருக்கும் தண்டனை இல்லை. டில்மன் பின்னாளில் ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனார், அன்று அங்கே இருந்ததை மேடையில் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். ஆகவே விசாரணைக் காகிதத்தில் ஒருவர் பெயர் இருந்தால் வழக்கு நடந்தது என்று முடிவு கட்டாமல், குற்ற வழக்குகளை விசாரித்த ஜெனரல் செஷன்ஸ் நீதிமன்றப் பதிவுகளில் போய்ப் பாருங்கள்.

அதற்குப் பிந்தைய கும்பல் கொலைகளில் "அடையாளம் தெரியாத நபர்களின் கையால்" என்ற தீர்ப்பு திரும்பத் திரும்ப வரும். பட்டப்பகலில், பலர் பார்க்க நடந்த கொலைக்கும் இதே வரிதான் எழுதுவார்கள். இப்படி வந்தால் உடனே செய்தித்தாளுக்குப் போங்கள். 1836இல் தொடங்கிய எட்ஜ்ஃபீல்டு அட்வர்டைசரின் பழைய இதழ்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஜூரிக்குத் தெரியாத விவரம் பத்திரிகைக்குத் தெரிந்திருப்பதைப் பல தடவை பார்ப்பீர்கள். பத்திரிகையையும் அப்படியே நம்ப வேண்டாம், கும்பலுக்குச் சாதகமாக எழுதுவதும் அதில் சகஜம். தென் கரோலினா மாநிலத்தின் 1895ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் கும்பல் கொலை நடந்த கவுண்டி இறந்தவரின் வாரிசுகளுக்கு 2,000 டாலருக்குக் குறையாமல் நஷ்டஈடு தர வேண்டும் என்று சேர்த்தார்கள், அதனால் அதற்குப் பிந்தைய சம்பவம் என்றால் நஷ்டஈட்டு வழக்கு ஏதும் போடப்பட்டதா என்று சிவில் பதிவுகளையும் புரட்டுங்கள்.

சரிபார்க்க இன்னும் இரண்டு இடங்கள். 1850 முதல் 1880 வரை ஒவ்வொரு பத்தாண்டுக் கணக்கெடுப்பிலும் இறப்புப் பட்டியல் ஒன்று உண்டு, கணக்கெடுப்புக்கு முந்தைய ஒரு வருடத்தில் இறந்தவர்கள் மட்டும் அதில் இருப்பார்கள். போர் முடிந்தவுடனான வருடங்களுக்கு விடுதலையான அடிமைகளுக்காக அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் அதிகாரிகள் அனுப்பிய கொலை, தாக்குதல் அறிக்கைகள் இருக்கின்றன, கொரோனரே போகாத சாவுகளும் அவற்றில் பதிவாகியிருக்கும். இறப்புச் சான்றிதழைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், தென் கரோலினாவில் மாநிலம் முழுக்க இறப்புப் பதிவு வந்ததே 1915இல்தான்.