அறைக்குள் வரும் சத்தம்: சுவரை விடுங்கள், முதலில் கதவைப் பாருங்கள்

நான் வேலை செய்யும் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு கதவுதான். கூடத்தில் டிவி ஓடினால், செய்தி வாசிப்பவர் என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். இதற்காக ஒலி உறிஞ்சும் பஞ்சுப் பலகைகள் வாங்கி ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். என் குரலின் எதிரொலி அடங்கியது, டிவி சத்தம் அப்படியே இருந்தது. அறைக்குள் எழும் ஒலியைத்தான் பஞ்சு உறிஞ்சும்; வெளியிலிருந்து வருவதை நிறுத்தாது. நிறுத்துவதற்குக் கனமான தடுப்பு வேண்டும், அதில் இண்டு இடுக்கு இருக்கக் கூடாது. முட்டை அட்டைகளும் இப்படித்தான். அவை எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

படி 1: சத்தம் வரும் வழி

சத்தம் கேட்கும்போது சுவரிலும் தரையிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால் படி 3-க்குப் போங்கள். பேச்சு, டிவி, தெரு இரைச்சல் போன்றவை பெரும்பாலும் காற்று வழியே வருபவை. அவை எங்கே நுழைகின்றன என்று பார்க்க, இரவில் உங்கள் அறையை இருட்டாக்கி, வெளியே விளக்கைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு உள்ளே நில்லுங்கள். வெளிச்சம் கீறலாகத் தெரியும் ஒவ்வோர் இடமும் சத்தம் நுழையும் இடம்.

படி 2: சந்துகளை அடைப்பது

பலன் கிடைப்பது இங்கேதான். 2 மீட்டர் உயரக் கதவின் அடியில் 1 செ.மீ. சந்து இருந்தால், அது கதவின் பரப்பில் இருநூற்றில் ஒரு பங்கு. அவ்வளவு போதும், கதவு தேக்கோ இரும்போ, ஏறத்தாழ 23 டெசிபலுக்கு மேல் அதனால் குறைக்க முடியாது.

நிலையைச் சுற்றி ஒட்ட ரப்பர் பட்டை வாங்குங்கள். மலிவான பஞ்சுப் பட்டை எனக்குச் சில மாதங்களிலேயே நசுங்கித் தட்டையாகிவிட்டது. ஈபிடிஎம் என்று போட்டிருக்கும், நடுவில் குழல் போல உள்ளீடற்ற ரப்பர்தான் என் தேர்வு. கதவின் அடிக்கும் ரப்பர் பட்டையே நல்லது. பிரஷ் போல மயிர் வைத்தது தூசியைத் தடுக்கும், சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.

நான் மாட்டிக்கொண்டது தடிமனில். கண்ணளவில் ஒன்றை வாங்கி ஒட்டினேன், தாழ்ப்பாள் விழவில்லை. தோளால் தள்ளிப் பூட்டிப் பூட்டி, இரண்டு வாரத்தில் கீல் தளர்ந்துவிட்டது. அப்புறம் செய்தது இது: பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நிலையில் ஐந்தாறு இடங்களில் வைத்துக் கதவைத் தாழிட்டேன். திறந்து, நசுங்கிய களிமண்ணை அளந்தால் அதுதான் அந்த இடத்துச் சந்து. கீல் பக்கம் 2 மில்லிமீட்டர், தாழ்ப்பாள் பக்கம் 5! ஆக, இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு பட்டை. அளவைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக எடுத்தால் போதும். ஒட்டும் முன் நிலையை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். முடிந்ததும் ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே இன்னும் சந்து இருக்கிறது.

அடைப்பதற்கு முன்னும் பின்னும் போனில் ஓர் ஒலிமானிச் செயலியால், ஒரே இடத்தில் நின்று அளந்தேன்: 9 டெசிபல் குறைந்திருந்தது. 10 குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும்.

படி 3: அதிர்வு

வாஷிங் மெஷின் நான்கு காலிலும் சமமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒவ்வொரு காலின் அடியிலும் கனமான ரப்பர் மெத்தை. சுவரில் உரசிக்கொண்டு நிற்கும் எதையும் கொஞ்சம் நகர்த்துங்கள்.

படி 4: எதிரொலி

கம்பளம், கனமான திரை, புத்தகம் நிறைந்த அலமாரி போதும். பஞ்சுப் பலகையின் வேலையும் இங்கேதான்.

பின்சேர்க்கை: எல்லாம் அடைத்த பிறகு அறை புழுங்குகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இடையிடையே கதவைத் திறந்து காற்று விடுங்கள். கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ இருக்கும் அறையில் மட்டும் காற்று வழியை அடைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். மரம் ஈரத்தில் உப்பும். மரக்கதவு என்றால், களிமண் அளவை மழைக்காலத்திலேயே எடுங்கள்.