ஃபிலிம் கேமரா வாங்கும்முன் சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள்

பழைய ஃபிலிம் கேமராவைக் கையில் வாங்கியதும் எல்லோரும் லென்ஸைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். பூஞ்சை இருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா என்று. பார்க்க வேண்டியதுதான். அதே அக்கறையோடு ஆன்-ஆஃப் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். தினமும் உங்கள் விரல் பழகப்போவது அதோடுதான்.

என் கட்சி இது: கேமராவை ஆன் செய்வது தனி வேலையாக இருக்கக் கூடாது. படம் எடுக்கக் கை எப்படியும் செய்கிற அசைவிலேயே அது நடந்துவிட வேண்டும்.

அதனால்தான் நிகான் எஃப்எம்2 எனக்கு அவ்வளவு பிடிக்கும். 1982-இல் வந்தது. ஃபிலிமை நகர்த்தும் லீவர் உடம்போடு ஒட்டி இருந்தால் ஷட்டர் பூட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் லீவரை லேசாக வெளியே இழுத்தால் பூட்டு திறக்கும். ஷட்டர் பட்டனை அரை அழுத்து அழுத்தினால், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எரியும். கட்டைவிரல் அங்கேதானே இருக்கப்போகிறது! கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போதே எல்லாம் தயார். பைக்குள் போடும்போது உள்ளங்கையால் லீவரைத் தள்ளிவிட்டால் போதும், பையில் எது இடித்தாலும் ஃபிலிம் வீணாகாது.

ஆனால் இது வலது கண்காரர்களுக்கு. என் தங்கை இடது கண்ணை வைத்துப் பார்ப்பவள், கண்ணாடியும் போட்டிருக்கிறாள். இழுத்து வைத்த லீவரின் நுனி நேராக அவள் வலது புருவத்துக்கு வரும், இல்லாவிட்டால் கண்ணாடியில் உரசும். எஃப்எம்2 எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் அவளுக்கு அது சரிப்படாது. நீங்களும் இடது கண்காரர் என்றால் கடையிலேயே லீவரை இழுத்துவிட்டு, முகத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அவள் கையில் இருப்பது ஒலிம்பஸ் ஓஎம்-1. மேலே இடது பக்கம், ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அது மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க இயந்திரம், சுவிட்ச் எப்படி இருந்தாலும் படம் விழும். தனி சுவிட்ச் என்பதால் எனக்கு இது இரண்டாம் பட்சம்தான். ஆனால் ஆன் செய்தால், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் மீட்டர் முள் எழும்புகிறதா, ஆஃப் செய்தால் விழுகிறதா என்று ஒரு நொடியில் சோதித்துவிடலாம். இதற்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 பேட்டரியை ஒரு வளையம் வைத்துப் பொருத்தலாம். அதன் ஸ்டிக்கரை உரித்துக் காற்றுப் பட்டதுமே அது தானாகத் தீர ஆரம்பிக்கும், சுவிட்சை அணைத்து வைத்தாலும் சரி.

பென்டாக்ஸ் கே1000-இல் சுவிட்சே கிடையாது. மீட்டர் எப்போதும் விழித்திருக்கும்; லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையாவிட்டால் மின்சாரம் குடிப்பது மிகக் குறைவு. ஆக லென்ஸ் மூடிதான் சுவிட்ச். ஷட்டர் பூட்டும் இல்லை என்பதால், அடுத்த படத்துக்கு லீவரை முன்கூட்டியே சுற்றி வைக்காதீர்கள்.

கேனன் ஏஇ-1 ப்ரோக்ராமில் ஏ, எல், எஸ் என்று மூன்று நிலை கொண்ட சுவிட்ச். எல் பூட்டு, ஏ வேலை, எஸ் டைமர். எஸ்-இல் நின்றுவிட்டால் 10 விநாடி கழித்துத்தான் படம் விழும், அதற்குள் குழந்தை ஓடியே போயிருக்கும். கண்ணால் பார்க்காமல் விரலாலேயே ஏ-வில் நிறுத்தப் பழகுங்கள். பேட்டரி இல்லாமல் இது இயங்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

சுவிட்ச் என்று வந்தால் என் மனம் கடைசியில் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ-விடம்தான் போகும். 1979-இல் யோஷிஹிசா மைதானி வடிவமைத்தது. லென்ஸை மூடும் கதவை நகர்த்தினால் கேமரா தயார், மூடினால் ஆஃப். மூடியும் சுவிட்சும் ஒன்றே. அடியில் ஒரு சின்ன லீவர் இருக்கிறது: பேட்டரி சோதனை, பின்வெளிச்சத்துக்கான திருத்தம், டைமர் மூன்றும் அதில்தான். டைமருக்கு வெளியே இழுக்கும்போது அதுவே முன்பக்கம் காலாக நின்று கேமராவைத் தாங்கும். அதைச் செய்து பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பின்னால் வந்த மியூ-2 கேமராவிலும் இதே போன்ற கதவுதான். ஆனால் ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் ஃபிளாஷ் மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடும். ஃபிளாஷ் வேண்டாதவர்கள் ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது இரண்டு எஸ்ஆர்44 பேட்டரி பாக்கெட்டில் இருக்கட்டும். எஃப்எம்2, எக்ஸ்ஏ இரண்டுக்கும் அது பொருந்தும். எல்ஆர்44-உம் வேலை செய்யும், ஆனால் எஸ்ஆர்44-இல் வோல்ட் கடைசிவரை பெரிதாக இறங்காது. முதலில் பேட்டரி மூடியைக் கழற்றி உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி போட்டபின் ஆன் செய்து, அரை அழுத்து அழுத்தி, லென்ஸைக் கையால் மூடித் திறந்து மீட்டர் மாறுகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் பூட்டிவிட்டு ஷட்டரை அழுத்துங்கள். பூட்டு உள்ள கேமராவில் அது அசையவே கூடாது. வீட்டில் பல மாதம் சும்மா வைக்கப்போகிறீர்கள் என்றால் சுவிட்சை நம்பாமல் பேட்டரியையே கழற்றி, சின்ன கவரில் போட்டுக் கேமராவின் வாரில் கட்டிவிடுங்கள்.