செட்டிநாட்டு ஊர்களில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பதிவு செய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரங்களில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்களில் இருப்போர், பள்ளித் தலைமையாசிரியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஊராட்சி மன்றத் தலைவர் தலைமையில் கூடும் குழுவின் கூட்டப் பதிவேட்டில் "இக்காலாண்டில் புகார் ஏதுமில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடுவது எளிது. அந்த வரியை வைத்துக்கொண்டு ஊர் பாதுகாப்பாக இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் விசாரித்தபோது, 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் ஆண் குழந்தைகள். ஆகவே ஓர் ஊரின் பதிவேட்டில் சுழியம் இருந்தால், குழந்தைகள் சொல்வதற்கு அங்கே வழியில்லாமல் இருக்கக்கூடும் என்றே முதலில் கருத வேண்டும்.

தரவு சேகரிப்பு என்றதும் படிவத்தை எடுத்துக்கொண்டு குழந்தையிடம் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை விதி. பாதிக்கப்பட்ட குழந்தை, முதலில் நம்பிச் சொன்னவரிடமும், காவல் அதிகாரியிடமும், மருத்துவரிடமும், நீதித்துறை நடுவரிடமும், குழந்தைகள் நலக் குழுவிடமும் (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அளவிலான சட்டப்படியான குழு), இறுதியில் சிறப்பு நீதிமன்றத்திலும் நடந்ததைப் பேச வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் ஒருமுறை கேட்பது குழந்தையை வருத்துவதோடு, வாக்குமூலங்களுக்கிடையே சிறு வேறுபாடுகள் தோன்றக் காரணமாகி வழக்கையும் பலவீனப்படுத்தும். நமக்கு வேண்டிய தகவல் அனைத்தும் குழந்தைக்கு உதவும் போக்கில் உருவாகும் ஆவணங்களில் இருக்கிறது. அந்த ஆவணங்களிலிருந்து எடுத்து எழுதுவதே நம் வேலை.

குழந்தை தானாக உங்களிடம் சொன்னால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடைமறிக்காமல் கேளுங்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்பது போல விடையை உள்ளடக்கிய கேள்விகளைக் கேட்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குறுதி கொடுக்காதீர்கள், ஏனெனில் அதைக் காப்பாற்றச் சட்டம் உங்களை அனுமதிக்காது. குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, நாளும் நேரமும் இட்டு ஒரு தாளில் எழுதி, அன்றே காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தகவல் கொடுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். பள்ளி மாணவர்களுக்கு 14417 என்ற கல்வி உதவி எண்ணும் உண்டு. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது என்று அறிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தகவல் தர வேண்டும் என்கிறது. தகவல் தராமலிருப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. "முதலில் நாமே விசாரித்து உறுதி செய்வோம்" என்று ஊர்ப் பெரியவர்கள் கூடுவது சட்டத்துக்கு மாறானது, குழந்தைக்கும் தீங்கானது. நீங்கள் எழுதிய தாள் காவல்துறைக்குச் செல்ல வேண்டும். குழுவின் பதிவேட்டில் அதன் நகல்கூட இருக்கக்கூடாது.

இனிப் பதிவேட்டை அமைப்பதைப் பார்ப்போம். பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவை ஓர் ஏட்டிலும், மற்ற விவரங்கள் வேறோர் ஏட்டிலும் இருக்க வேண்டும். இரண்டையும் இணைப்பது ஒரு குறியீட்டு எண் மட்டுமே. அந்த எண்ணை அரசின் மாவட்ட அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகே வழங்கி, பெயர் ஏட்டையும் அதுவே பூட்டி வைத்திருப்பது நல்லது. ஆதார் எண், பள்ளி மாணவர்களுக்கான எமிஸ் எண், கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண் ஆகியவற்றைக் குறியீடாகப் பயன்படுத்த வேண்டாம், ஏனெனில் அவற்றை வைத்துக் குழந்தை யாரென்று கண்டுபிடிப்பது மிக எளிது. ஒரே குழந்தையைப் பற்றிப் பள்ளி ஒரு தகவலும், அரசு மருத்துவமனை ஒரு தகவலும், உதவி எண் ஒரு தகவலும் தரும்போது அவை மூன்று குழந்தைகளாக எண்ணப்படாமல் இருப்பதற்கும் இந்தப் பொதுக் குறியீடு உதவும்.

செட்டிநாட்டில் இதற்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. நம் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. ராயவரத்திலோ கோனாப்பட்டிலோ வாழும் குழந்தை புதுக்கோட்டை மாவட்டக் கணக்கில் வரும். அதே குழந்தை காரைக்குடியில் படித்தால், சம்பவமும் அங்கே நடந்திருந்தால், வழக்கு சிவகங்கை மாவட்டத்தில் பதிவாகும். எனவே வசிக்கும் மாவட்டம், சம்பவம் நடந்த மாவட்டம், வழக்குப் பதிவான மாவட்டம் என்று மூன்று பத்திகள் (அட்டவணையின் நெடுவரிசைகள்) தனித்தனியே வேண்டும். எல்லையைக் காட்டி ஒரு நிலையம் புகாரைத் திருப்பி அனுப்ப முயன்றால், எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கையைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டுங்கள்.

வயதைச் சம்பவ நாளன்று நிறைவடைந்த ஆண்டுகளாக எழுதி, அது எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, இவை இல்லாதபோது மருத்துவச் சோதனை என்ற வரிசையை இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. கர்ப்பிணிப் பதிவில் வாய்மொழியாகச் சொல்லப்படும் வயதை அப்படியே எடுத்துக்கொண்டால், 18 நிறையாத பெண் பெரியவளாகக் கணக்கில் ஏறிவிட வாய்ப்பு உண்டு. செவிலியர்கள் இதில் சிறப்புக் கவனம் செலுத்த வேண்டும். பாலினப் பத்தியில் "பெண்" என்று முன்கூட்டியே அச்சிட்ட படிவம் இருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள்; போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. மாற்றுத்திறன் உண்டா என்ற பத்தியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

பதினாறு, பதினேழு வயதினர் தம் விருப்பத்தோடு பழகி, பெற்றோர் புகாரால் வழக்கானவற்றைத் தனிக் குறியீட்டில் எழுதுங்கள். சட்டம் அவர்களது சம்மதத்தை ஏற்பதில்லை என்பதால் தகவல் தரும் கடமை மாறாது. ஆயினும் அவற்றையும், வீட்டுக்குள் ஆறு வயதுக் குழந்தைக்கு நேர்ந்ததையும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்த்தால், எந்த வயதினருக்கு எந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பதை அந்தத் தொகை சொல்லாது.

குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் குழந்தைக்கும் உள்ள தொடர்பே பதிவேட்டின் மிக முக்கியமான பத்தி என்பது என் கருத்து. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, போக்சோ சட்டத்தின் 4, 6 ஆகிய பிரிவுகளில் (ஊடுருவும் பாலியல் தாக்குதலும் அதன் கடுமையான வடிவமும்) பதிவாகும் வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் அவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். "தெரிந்தவர்" என்று மட்டும் எழுதினால் தடுப்புப் பணிக்கு அது பயன்படாது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது: குழந்தை "ஐயா" என்றால் தாத்தாவாகவும் இருக்கலாம், ஊரில் மதிக்கப்படும் முதியவராகவும் இருக்கலாம், "அப்பச்சி" ஒரு வீட்டில் தந்தை, மற்றொரு வீட்டில் தாயின் தந்தை, "மாமா" தாய்மாமனிலிருந்து வேன் ஓட்டுநர் வரை யாராகவும் இருக்கலாம். எனவே முதல் தகவல் அறிக்கையில் உள்ள குழந்தையின் சொல்லை அப்படியே ஒரு பத்தியில் எழுதி, அடுத்த பத்தியில் ஒரே வீட்டில் வசிப்பவர், வேறு வீட்டு உறவினர், அண்டை அயலார், பள்ளி அல்லது தனிப்பயிற்சி சார்ந்தவர், பயண வாகனம் சார்ந்தவர், இணையவழி அறிமுகமானவர், அறிமுகமற்றவர் என்று வகைப்படுத்துங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதுவதே நேர்மை.

இடத்தையும் இவ்வாறே வகையாக எழுத வேண்டும். தெருவோ வீட்டுப் பெயரோ வேண்டாம். பெற்றோர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, ஆயாவிடம் (பாட்டியிடம்) வளரும் பிள்ளைகள் இங்கு உண்டு. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, திருமணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) மட்டும் திறக்கப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் ஒரே வளவில் (வீட்டு வளாகத்தில்) தங்கும் பெரிய வீடுகளும் உண்டு. ஆகவே குழந்தையின் சொந்த வீடு, உறவினர் கூடிய நிகழ்ச்சி, ஆளில்லாத கட்டடம், பள்ளி, வாகனம், வேலையிடம், கைபேசி வழி என்ற பிரிவுகள் நமக்குப் பொருந்தும். நிகழ்ச்சி வீடுகளில் குழந்தைகள் எங்கே, யார் பொறுப்பில் உறங்குகிறார்கள் என்ற கேள்வியை எழுப்ப இந்தப் பத்தி உதவும்.

நான் அதிகம் வற்புறுத்துவது நாள்களைப் பற்றி. சம்பவ நாள், குழந்தை முதன்முதலில் சொன்ன நாள், யாரிடம் சொன்னது, உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் போன நாள், மனு ஏற்புச் சான்று (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) தரப்பட்ட நாள், முதல் தகவல் அறிக்கை பதிவான நாள், குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை சென்ற நாள், மருத்துவப் பரிசோதனை நாள், ஆதரவு நபர் (விசாரணை முழுவதும் குழந்தைக்குத் துணை நிற்பவர்) நியமிக்கப்பட்ட நாள், இடைக்கால இழப்பீடு கைக்கு வந்த நாள், குற்றப்பத்திரிகை நாள், நீதிமன்றத்தில் குழந்தையின் சாட்சியம் பதிவான நாள், தீர்ப்பு நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வேண்டும். தேசிய அளவிலான கணக்கு முதல் தகவல் அறிக்கைகளையே எண்ணுகிறது. ஒரே அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான குற்றத்தின் தலைப்பில் மட்டும் அது சேர்க்கப்படுகிறது. மனு ஏற்புச் சான்றோடு நின்றுபோன புகார் அந்தக் கணக்கில் வராது. பிற்பாடு குழந்தை எத்தனை மாதம் காத்திருந்தது என்பதையும் அது சொல்லாது. அந்த இடைவெளியை ஊர் அளவில் பார்க்கக்கூடியவர்கள் நாம்தான்.

இந்த நாள்களைச் சட்டத்தின் கெடுவோடு ஒப்பிடுங்கள். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாள்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. அவசரச் சிகிச்சைக்குக் காவல்துறையின் கடிதத்தையோ நீதிமன்ற ஆணையையோ மருத்துவமனை கேட்கக்கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள். ஒரு பத்தி காலியாக இருப்பதும் தரவுதான். ஆதரவு நபர் பத்தி தொடர்ந்து காலியாக இருந்தால், குறை எங்கே என்று குழந்தைகள் நலக் குழுவிடம் எழுத்து மூலம் கேட்க அதுவே சான்று. சம்பவத்தின் விவரிப்பு எதுவும் இந்த ஏட்டில் வேண்டாம்.

வெளியிடும்போது கூடுதல் கவனம் தேவை. சிறிய ஊரில் "பெண், 9 வயது, உறவினர்" என்ற மூன்று சொற்களே குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கின்றன. மறைமுகமாகக்கூட அடையாளம் வெளிப்படக்கூடாது என்று நிபுண் சக்சேனா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே ஊர்வாரி எண்ணிக்கையைக் கிராம சபையில் படிக்காதீர்கள். ஊராட்சி ஒன்றிய அல்லது மாவட்ட அளவில் தொகுத்து, அப்போதும் ஐந்துக்குக் குறைவான எண் வரும் கட்டங்களை மறைத்துவிடுங்கள். அதே கட்டத்தைக் கூட்டுத்தொகையிலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். பதிவேட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை முழுமையாகத் தடை செய்யுங்கள்.

பதிவாகாத வன்முறையின் அளவை அறிய ஆய்வு நடத்த விரும்பும் கல்லூரிகளுக்கும் அமைப்புகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: குழந்தைகளிடம் கேட்பதைவிட, 18 முதல் 29 வயது வரையுள்ள ஆண்களிடமும் பெண்களிடமும் தம் சிறுவயது அனுபவத்தைக் கேட்பதே தக்கது. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளின் 16.2.3ஆம் குறியீடும் இந்த வயதினரையே அளவாகக் கொள்கிறது. ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல், பெயரற்ற விடைத்தாள், தனிமையில் விடையளிக்கும் ஏற்பாடு, பேசிய பின் மனம் கலங்குபவருக்கு உடனே கிடைக்கும் ஆலோசகர் ஆகிய நான்கும் உறுதியாகும் வரை ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குழுவின் பொறுப்பாளர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அமர்ந்து, குறியீட்டு எண் வாரியாகக் காவல்துறை, மருத்துவமனை, குழந்தைகள் நலக் குழு ஆகியவற்றின் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். எங்கே ஒரு எண் ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்தில் இல்லையோ, அந்த வழக்கை அன்றே எடுத்துப் பேச வேண்டும். இரு மாவட்டங்களின் அலகுகளும் ஒரே நாளில் கூடினால் எல்லைப்புற வழக்குகள் தவறாது. கெடு தாண்டிய வழக்குகளின் எண்ணிக்கையையும் காரணங்களையும், பெயரின்றி, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்புங்கள். நடைமுறைகளும் கால வரம்புகளும் பின்பற்றப்பட்டனவா என்ற தரவைத் திரட்டும் அதிகாரத்தை 2020 விதிகளின் 12ஆம் விதி அந்த ஆணையத்துக்கு அளித்திருக்கிறது.