பயிற்சி எங்கே வேண்டுமானாலும், டெஸ்ட் சொந்த ஊரில்: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஹெவி லைசென்ஸ் வழி

புதுச்சேரி லைசென்ஸை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் லாரி பழகலாமா, பழகினால் டெஸ்ட் எந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில், லைசென்ஸை அங்கே மாற்ற வேண்டுமா? நம் பக்கத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதற்குக் காரணம் ஊர் அமைப்புதான். கடலூர் ரோட்டில் முள்ளோடை வரைக்கும் புதுச்சேரி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. பாகூர்ப் பக்கம் போனால் இன்னும் சிக்கல், வயலுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் வேறு அரசு. வீடு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொன்றில், டிரைவிங் ஸ்கூல் வசதிப்பட்ட இடத்தில் என்று வாழ்கிறவர்களுக்கு ஆர்.டி.ஓ. விவகாரம் மட்டும் கோடு போட்டு நிற்கும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத்தைச் சொந்த மாநிலத்தில் போடுங்கள், பயிற்சியை எங்கே நல்ல ஸ்கூல் இருக்கிறதோ அங்கே எடுங்கள், டெஸ்டுக்குத் திரும்பி சொந்த மாநிலத்துக்கே வாருங்கள். லைசென்ஸை இடம் மாற்றும் வேலையே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 13-வது பிரிவுப்படி எல்.எல்.ஆரும் சரி, லைசென்ஸும் சரி, இந்தியா முழுக்கச் செல்லும். புதுச்சேரியில் போட்ட எல்.எல்.ஆரைக் காட்டி நாமக்கல்லில் லாரி ஓட்டிப் பழகலாம், பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தால் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் ஹெவிக்குத் தகுதியா என்று பாருங்கள். வயது 20 ஆகியிருக்க வேண்டும், கார் ஓட்ட 18 போதும், சரக்கு வண்டிக்குப் போதாது. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும், இது 7-வது பிரிவு, இதில் சலுகை கேட்டுப் பயனில்லை. எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது, அதை 2019-இல் எடுத்துவிட்டார்கள். இன்னும் சில இடங்களில் டி.சி. கொண்டு வா என்பார்கள். வயதுச் சான்றுக்காகக் கேட்டால் கொடுங்கள், படிப்புக்காகக் கேட்டால் அந்த விதி இப்போது இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான சந்தேகம், உங்களுக்கு ஹெவி உண்மையிலேயே வேண்டுமா? குட்டி யானை, சின்ன பிக்கப் மாதிரி மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் வேலைக்கு ஹெவி எடுக்கிறேன் என்று பணத்தையும் மாதக்கணக்கில் நேரத்தையும் செலவழிக்காதீர்கள். இந்த 7,500 கிலோ என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். 12,000 கிலோவுக்கு மேல் போனால் அது கனரகம், அதாவது ஹெவி.

சரி, எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது என்ற இடத்துக்கு வருவோம், குழப்பம் முழுக்க இங்கேதான். முதன்முதலாக லைசென்ஸ் எடுப்பவருக்குச் சட்டம் இரண்டு வாசல் திறந்து வைத்திருக்கிறது. குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற மாநிலம் ஒன்று, டிரைவிங் ஸ்கூல் இருக்கிற மாநிலம் இன்னொன்று. இதை எங்கோ கேட்டுவிட்டுத்தான் பலர் "ஸ்கூல் கடலூரில்தானே, அங்கேயே டெஸ்ட் கொடுத்துவிடலாம்" என்கிறார்கள். ஹெவி அப்படியில்லை. உங்களிடம் ஏற்கெனவே கார் லைசென்ஸ் இருக்கிறது, அதில் இன்னொரு வகுப்பை, அதாவது வண்டி வகையைச் சேர்க்கிறீர்கள், அதற்கு 11-வது பிரிவு. அங்கே ஸ்கூலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குடியிருக்கும் மாநிலம் அல்லது தொழில் செய்யும் மாநிலம், அவ்வளவுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்த மாநிலத்துக்குள் எந்த ஆபீஸிலும் விண்ணப்பிக்கலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள், மாநிலம் தாண்டுவதற்கு அது உதவாது.

நாமக்கல்லில் வேலை கிடைத்து அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டீர்கள் என்றால் கதை வேறு. அப்போது லைசென்ஸில் முகவரியைத் தமிழ்நாட்டுக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே ஹெவி சேர்க்கலாம். அதற்கு அந்த ஊர் முகவரிக்கு ஆதாரம் வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஊர் திரும்பப் போகிறவர் இந்த வேலையில் இறங்குவது வீண் அலைச்சல், திரும்பி வந்து மறுபடி முகவரி மாற்றிக்கொண்டு நிற்க வேண்டும்.

இதைவிடக் குறுக்கு வழி ஒன்று சொல்லும் புரோக்கர்கள் உண்டு. "பழைய லைசென்ஸை விடுங்க தம்பி, இங்கே புதுசாப் போட்டுக்கலாம்." போடாதீர்கள். ஒருவரிடம் ஒரே நேரத்தில் ஒரு லைசென்ஸ்தான் இருக்கலாம் என்று 6-வது பிரிவு சொல்கிறது. எல்லா மாநிலத் தகவலும் லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதி தளத்தில் கிடக்கிறது, இன்றைக்குத் தப்பினாலும் புதுப்பிக்கப் போகும்போது மாட்டும்.

எல்.எல்.ஆருக்கு சாரதி தளத்தில் முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். புதுச்சேரிக்காரர் புதுச்சேரியை, கடலூர்க்காரர் தமிழ்நாட்டை. இதைத் தவறாக அழுத்திவிட்டு விண்ணப்பம் முழுவதையும் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆதார், இருக்கிற லைசென்ஸ், படிவம் 1ஏ ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1ஏ என்பது மருத்துவச் சான்று, சரக்கு வண்டிக்குக் கட்டாயம், பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்றெல்லாம் அதில் கேள்வி இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே போகலாம். பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தரும் இடம் தேடாதீர்கள், ராத்திரி உளுந்தூர்பேட்டை ரோட்டில் எதிர்வண்டி வெளிச்சத்தில் ஓட்டப்போவது நீங்கள்தான்.

கட்டணம் பெரிதில்லை. மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், டெஸ்டுக்கு 300, வகுப்பு சேர்க்க 500. இதற்கு மேல் மாநிலம் சேர்க்கும் சில்லறைக் கட்டணங்கள் வரும். உண்மையான செலவு ஸ்கூலுக்குத்தான். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், வாங்கி 30 நாள் கழியாமல் டெஸ்டுக்குப் போக முடியாது. வெளியூர்ப் பயிற்சிக்கு இந்தக் கணக்கு முக்கியம், ஸ்கூலில் இடம் எப்போது என்று உறுதி செய்துகொண்டு எல்.எல்.ஆர். போடுங்கள். போட்டுவிட்டு நாலு மாதம் காத்திருந்தால் பயிற்சி, சான்றிதழ், டெஸ்ட் தேதி எல்லாம் கடைசி நேர ஓட்டமாகிவிடும்.

ஸ்கூல் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். ஹெவிக்கு டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் கட்டாயம், அதன் பெயர் படிவம் 5. மாமா லாரியில் பழகினேன், நன்றாக ஓட்டுவேன் என்றால் ஏற்க மாட்டார்கள். உரிமம் பெற்ற எந்த ஸ்கூலின் சான்றிதழும் செல்லும் என்பதுதான் சட்டத்தின் போக்கு, ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் வெளி மாநிலச் சான்றிதழைப் பார்த்து முகம் சுளிக்கலாம். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒருநாள் நேரில் போய், இன்ன ஊரில், உரிமம் உள்ள ஸ்கூலில் படிக்கப் போகிறேன், படிவம் 5-ஐ எப்படிக் கொடுக்க வேண்டும், தாளில் போதுமா, அவர்கள் இணையத்தில் ஏற்ற வேண்டுமா, ஸ்கூலின் உரிம நகல் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு முதலியார்பேட்டை நூறடி ரோட்டு ஆபீஸ் கைக்கெட்டும் தூரம்தான், அரைநாள் வேலை. கேட்ட பதிலை எந்தப் பிரிவில் யார் சொன்னார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல, ஸ்டீரிங் நேரத்தை. விதிப்படி சரக்கு வண்டிப் பயிற்சி குறைந்தது 30 நாள், அதில் நீங்கள் கையால் ஓட்டும் நேரம் 15 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு லாரியில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போய் ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்து இறக்கிவிட்டால் அந்த 15 மணி நேரம் எந்தக் காலத்தில் வரும்? ஒரு வண்டிக்கு எத்தனை பேர், வண்டியில் காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக் இருக்கிறதா, பயிற்சியாளர் பக்கம் தனி பிரேக், கிளட்ச் இருக்கிறதா, வெறும் வண்டியா அல்லது லோடு ஏற்றியும் ஓட்டவிடுவார்களா என்று கேளுங்கள். லோடு இல்லாத லாரியும் லோடு ஏறிய லாரியும் பிரேக் பிடிக்கும்போது இரண்டு வேறு வண்டிகள். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு, நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி மையம் என்று பெரிய இடங்கள் தமிழ்நாட்டில் இருப்பதால்தான் புதுச்சேரிப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். நாமக்கல்லில் இன்னொரு லாபம், பயிற்சி நேரம் போக மீதி நேரத்தில் பட்டறை, பாடி கட்டும் இடம், லாரி ஆபீஸ் எல்லாம் சுற்றினால் தொழில் புரியும், வேலைக்கும் ஆள் தெரியும்.

"எங்களிடம் படித்தால் டெஸ்டே இல்லை" என்று சொல்லும் ஸ்கூலிடம் ஜாக்கிரதை. 2021 ஜூலை 1 முதல் அப்படி ஒரு ஏற்பாடு உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது அரசு தனியாக அங்கீகரித்த ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு மட்டும். அங்கே ஹெவிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம் பயிற்சி, முடித்தால் படிவம் 5பி, அதை வைத்து ஆர்.டி.ஓ. டெஸ்ட் இல்லாமல் லைசென்ஸ். தெருமுனை ஸ்கூல் கொடுப்பது வெறும் படிவம் 5, அதற்கு டெஸ்ட் உண்டு. அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

பயிற்சியில் கார் ஓட்டுகிறவர்களுக்கு முதலில் இடிப்பது திருப்பம். லாரி திரும்பும்போது பின் சக்கரம் உள்ளே வெட்டும், முன்னால் இடமிருக்கிறதே என்று உடனே ஒடித்தால் பின்னால் நிற்கும் சைக்கிள்காரர் மாட்டுவார். முன்பக்கத்தை நன்றாக வெளியே விட்டு அப்புறம் ஒடிக்க வேண்டும், இடது கண்ணாடியை விட்டுக் கண் எடுக்கக் கூடாது. ஏர் பிரேக் வண்டியில் ஸ்டார்ட் செய்ததும் கிளம்பாதீர்கள், மீட்டரில் ஏர் ஏறட்டும். ரிவர்ஸை மட்டும் தினமும் கேட்டு வாங்கி ஓட்டுங்கள், ஸ்கூல்காரர் டீசல் கணக்குப் பார்த்து அதைத்தான் முதலில் குறைப்பார். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பதும் டெஸ்டில் உண்டு. புதுச்சேரியில் மேம்பாலம் தவிர ஏற்றம் ஏது, கடலூர் ஆட்களுக்காவது கேப்பர் மலை இருக்கிறது. வெளியூரில் பழகும்போதே இதை முடித்துவிடுங்கள்.

பழகும் நாட்களில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் போர்டு இருக்க வேண்டும், பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஹெவி லைசென்ஸ் இருக்க வேண்டும். எல்.எல்.ஆரின் ஒரிஜினல் பையில் இருக்கட்டும், மாநிலம் தாண்டி ஓட்டுகிறவரிடம் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.

வெளியூரில் படித்தவர்கள் கடைசியில் தடுக்கி விழுவது டெஸ்ட் வண்டியில். டெஸ்டுக்கு லாரி நீங்கள்தான் கொண்டு போக வேண்டும், எந்த வகுப்புக்கு விண்ணப்பித்தீர்களோ அந்த வகை வண்டி. நாமக்கல் ஸ்கூல் உங்களுக்காக முதலியார்பேட்டை வரை லாரி அனுப்பாது. உள்ளூர் ஸ்கூல் ஒன்றில் டெஸ்டுக்கு மட்டும் வண்டி வாடகைக்குப் பேசுங்கள், தேதி கிடைத்த அன்றே பேசுங்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், வண்டிப் பேப்பர் சரியில்லை என்று பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பினால் போவது உங்கள் நாள். முந்தின நாள் அந்த வண்டியிலேயே ஒரு மணி நேரம் காசு கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பழகியது டாடாவில், டெஸ்ட் லேலண்டில் என்றால் கியர் எங்கே விழுகிறது என்று கைக்குத் தெரிவதற்குள் டெஸ்ட் முடிந்துவிடும். தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம், மூன்று முறை தோற்றால் 60 நாள் பொறுக்க வேண்டும்.

சரக்கு வண்டி லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும், முன்பு மூன்றாக இருந்தது. கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் டேங்கரோ, நாமக்கல் கேஸ் டேங்கரோ ஓட்ட நினைப்பவருக்கு ஹெவி மட்டும் போதாது. ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் வகுப்பு முடித்து, அதை லைசென்ஸில் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஆங்கிலமும் ஒரு இந்திய மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். லைசென்ஸில் சரக்கு வண்டி வகை ஏறிய பிறகு இந்த மூன்று நாள் வகுப்புக்குப் பெயர் கொடுங்கள். கார்டு வந்ததும் சரக்கு வண்டி வகுப்பு ஏறியிருக்கிறதா, அதற்கான காலாவதித் தேதி தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிழை இருந்தால் வந்த உறையோடு அப்படியே ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.