மரப் பட்டறைக்கு எந்தச் சுவர்?

கொல்லையில் மரச்சட்டம் நிறுத்தி மேலே ஓடும் போட்டுவிட்டு, "சுவருக்கு எது நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மேற்கு எந்தப் பக்கம்?

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் மழை நேராக விழாது. மேற்கேயிருந்து காற்றோடு சாய்ந்து அடிக்கும். மழை விட்ட மாதங்களில் அதே சுவர்தான் சாயங்கால வெயிலை முழுக்க வாங்கும். நனைவதும் காய்வதுமாகவே கிடக்கிற அந்தச் சுவருக்கும், பலா நிழலில் நிற்கிற கிழக்குச் சுவருக்கும் ஒரே சரக்கை அடிப்பானேன்? தக்கலைப் பக்கம் என் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பட்டறை 12 அடிக்கு 10 அடி. அதில் மேற்குக்கு ஒன்று, கிழக்குக்கும் வடக்குக்கும் ஒன்று, உள்பக்கத்துக்கு வேறொன்று. தெற்கில் பெரிய இரட்டைக் கதவு, அது தனிக் கதை.

சுவருக்கு முன்னால் இரண்டு விஷயம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் மரவேலையைப் பார்த்து வாய் பிளக்கிறோம். கொஞ்சம் அண்ணாந்து இறவாரத்தையும் பாருங்கள். கூரை அவ்வளவு வெளியே தள்ளி நிற்பதால்தான் மழை மரத்துக்கு எட்டுவதில்லை. பட்டறைக்கு இரண்டரை அடி இறவாரம் விடுங்கள். அப்புறம், பேஸ்மெண்டை வெட்டுக்கல்லில் ஒன்றரை அடி உயர்த்தி, அதன்மேல் தார் ஷீட் விரித்து அடிச்சட்டத்தை வையுங்கள். தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீர் பலகையின் கால்மாட்டுக்கு வரக்கூடாது. கரையான் மண்புற்றுக் கோடு இழுத்து ஏறினாலும் அந்த ஒன்றரை அடியில் கண்ணில் பட்டுவிடும்.

மேற்குச் சுவருக்கு என் தேர்வு சிமெண்ட் ஃபைபர் போர்டு, 8 மி.மீ. கரையான் தின்னாது, தண்ணீரில் உப்பாது, தீப்பிடிக்காது. 8 அடிக்கு 4 அடி போர்டு 30 கிலோவுக்குக் குறையாது, ஆகவே தூக்க இன்னொரு ஆள் வேண்டும். நிற்கும் சட்டங்களை 2 அடிக்கு ஒன்றாக வைத்திருந்தால் போர்டின் விளிம்பு தானாகச் சட்டத்தின் நடுவில் வந்து உட்காரும். வெட்டி வீணாக்க வேண்டியதில்லை. போர்டுக்குப் போர்டு 3 மி.மீ. இடைவெளி விட்டு, அதை வெளியிலிருந்து ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து மூடுங்கள். திருகாணியை விளிம்பிலிருந்து அரை அங்குலத்துக்குமேல் தள்ளி, முதலில் துளை போட்டுவிட்டு முடுக்க வேண்டும். மூலையில் அவசரப்பட்டால் துண்டு கையோடு வரும். வெட்டும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. நல்ல முகமூடி போட்டு, வெளியில் வைத்து, முடிந்தால் கத்தியால் கீறி ஒடியுங்கள். கடையில் வாங்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத சரக்கா என்று கேட்டு வாங்குவதும் முக்கியம்.

அதில் ஒரு குறை: ஆணி அடித்து ஒரு சுத்தியல்கூட மாட்ட முடியாது. அதற்குத்தான் உள்சுவர்.

கிழக்குக்கும் வடக்குக்கும் அயனிப் பலகை. எங்கள் ஊரில் வீட்டுக்கும் வள்ளத்துக்கும் போன மரம் அது. வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் சீண்டாது. வெளிறிய ஓரப் பகுதிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, மில்லில் நின்று அதைச் சீவித் தள்ளச் சொல்லுங்கள். புதிதாக அறுத்த பலகையை உடனே அடித்தால் காய்ந்து சுருங்கி இடுக்கு விடும். இடையில் ரீப்பர் கொடுத்து நிழலில் அடுக்கிக் காயவிட வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது ஆசாரிமார் கணக்கு. காத்திருக்க முடியாதவர்கள் பழைய வீடு பிரிக்கும் இடத்தில் தேடலாம். மரச்சுவராக வரிசையாக நிறுத்திய நிரைப் பலகை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

பலகையைக் கிடையாக, கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏறும்படி அடிக்க வேண்டும். ஆணியை அந்த ஏற்றத்துக்குச் சற்று மேலே, மேல் பலகையை மட்டும் துளைத்துச் சட்டத்தில் இறங்கும்படி அடியுங்கள். இரண்டு பலகையையும் சேர்த்து அடித்துவிட்டால் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்க இடமில்லாமல் நீளவாக்கில் வெடிக்கும். பூச்சுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் இன்றும் நல்ல மருந்துதான். ஆனால் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் கொப்பளிக்கும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், கையைக் காட்டுவார்கள்.

ரப்பர் பலகை மலிவாயிற்றே என்பீர்கள். மருந்தேற்றாத ரப்பர் மரம் இந்த ஈரத்தில் சீக்கிரமே கறுக்கும், வண்டு துளைத்து அடியில் மாவு மாதிரி தூள் கொட்டும். மேசைக்கு, மருந்தேற்றியதாக இருந்தால் சரி. வெளிச்சுவருக்கு வேண்டாம்.

கலர் ஷீட்டும் எனக்குப் பிடித்தமில்லை. வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். மதியத்தில் உள்ளே நிற்க முடியாது, இழைப்பு மிஷினை ஓட்டினால் சத்தம் நாலு பக்கமும் அடித்துத் திரும்பும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரமானால் வெட்டிய விளிம்பிலிருந்தே உப்புக்காற்று துருவைத் தொடங்கிவைக்கும்.

உள்பக்கம் நாலு சுவருக்கும் பிளைவுட் தேவையில்லை. உளி, ரம்பம் தொங்கும் சுவருக்கு மட்டும் 12 மி.மீ. போதும். அதில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாகப் பாருங்கள். கமர்ஷியல் பிளை ஈரத்தில் அடுக்கடுக்காகப் பிரியும். மரைன் என்ற பெயரை நம்பி அதை வெளிச்சுவராக்குவதும் தப்பு, வெயிலில் மேல்தோல் வெடித்துவிடும். வெட்டிய விளிம்புக்கெல்லாம் மாட்டுவதற்கு முன்பே இரண்டு கை பெயிண்ட் கொடுங்கள், மாட்டியபின் தூரிகை நுழையாது.

பிளைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே உள்ள 4 அங்குல இடத்தில் காற்று ஓடட்டும். மேலும் கீழும் திறந்து, எலி புகாதபடி கம்பிவலை அடித்தால் சரி. ஒயரை மட்டும் அந்த இடுக்கில் விடாதீர்கள். பி.வி.சி. பைப்பில் பிளையின் மேலேயே ஓட்டுங்கள். மரத்தூள் படியும் இடம், எலி கடித்த ஒயர் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.