கருந்துளையைக் கடிகாரத்திலிருந்து படிப்பது எப்படி?

ஏப்ரல் 15 ஆனால் எங்கள் காசிமேட்டில் விசைப்படகுகளைத் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிப் போட்டுவிடுவார்கள். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தம்பி படகிலிருந்து ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி, பழைய லுங்கியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வருவான். வானியல் தாள் எடுத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குவதும் அப்போதுதான். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடியிலிருந்து ஏழெட்டுப் பேர் சாயங்காலம் எங்கள் மொட்டைமாடிக்குப் படிக்க வருவார்கள்.

வருஷா வருஷம் முதல் கேள்வி ஒன்றுதான். "மிஸ், கருந்துளைக்குள்ள விழுந்தா என்ன ஆகும்?" அதை மூன்றாவது வாரம் பார்ப்போம் என்பேன். முதல் நாள் நான் நடுவில் வைப்பது அந்த ஜிபிஎஸ் கருவியைத்தான்.

காரணம் இருக்கிறது. நான் படித்தபோது ஈர்ப்பு என்றால் ஒரே படம்தான்: இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பு, நடுவில் இரும்புக் குண்டு, சுற்றி உருளும் கோலி. அதை வரைந்து மார்க்கும் வாங்கினேன். அப்பா அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "குண்டு கீழே அமுங்குதே, அதைக் கீழே இழுக்கிறது எது?" என்று கேட்டார். ஈர்ப்பை விளக்க வரைந்த படத்துக்கே ஈர்ப்பு தேவைப்படுகிறது என்பதை ஐந்தாவது வரை படித்த மனிதர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். எனக்குப் பதில் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. மரத்திலிருந்து மாங்காய் விழுவதுபோல மெதுவாக நகரும் பொருள்களுக்கு, வெளி வளைவதைவிடக் காலம் வளைவதுதான் பெரிய விஷயம். பூமிக்கு அருகே இருக்கும் கடிகாரம் மேலே இருப்பதைவிட மெதுவாக ஓடுகிறது. ஈர்ப்பு என்று நாம் உணர்வது பெரும்பாலும் அந்த வித்தியாசத்தைத்தான். அதனால் ரப்பர் விரிப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கடிகாரத்தில் தொடங்குங்கள்.

ஒரு நோட்டு, கால்குலேட்டர், ஒரு மீட்டர் எலாஸ்டிக் போதும். எலாஸ்டிக் எம்.சி. ரோடு பக்கம் தையல் சாமான் கடையில் கிடைக்கும். கொஞ்சம் அகலமானதாக வாங்குங்கள், பேனாவால் எழுத வேண்டியிருக்கும்.

முதல் கணக்கு: படகில் இருக்கும் சார்பியல்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில், வினாடிக்கு 3.87 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ஒளிவேகம் வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஒன்றை மற்றதால் வகுத்தால் 77,500-இல் ஒரு பங்கு. அதை வர்க்கப்படுத்தினால் 600 கோடியில் ஒரு பங்கு, பாதியாக்கினால் 1200 கோடியில் ஒரு பங்கு. ஓடும் கடிகாரம் இந்த அளவு பின்தங்கும் என்பது ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்ன சிறப்புச் சார்பியல். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் சுமார் 7 மைக்ரோவினாடி தாமதம்.

அடுத்து 1915-இன் பொதுச் சார்பியல். பூமியின் நிறையை (5.97×10²⁴ கிலோ) ஈர்ப்பு மாறிலியால் (6.67×10⁻¹¹) பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஒளிவேகத்தை மீட்டரில் போட வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் தப்பு செய்வார்கள். 0.0044 மீட்டர், அதாவது 4.4 மில்லிமீட்டர் வரும். இதை நோட்டில் வட்டமிட்டு வையுங்கள், திரும்ப வரும். இந்த 4.4 மில்லிமீட்டரைப் பூமியின் ஆரமான 6370 கி.மீ.-ஆல் வகுத்து, ஒரு நாளின் வினாடிகளால் பெருக்கினால், வெகுதூரத்தில் இருக்கும் கடிகாரத்தோடு ஒப்பிடத் தரைக் கடிகாரம் நாளொன்றுக்கு 60 மைக்ரோவினாடி பின்தங்குகிறது என்று தெரியும். செயற்கைக்கோளுக்கு 26,560 கி.மீ. (பூமியின் மையத்திலிருந்து) போட்டால் 14-க்குச் சற்று மேல் வரும். கழித்தால், மேலே இருக்கும் கடிகாரம் தரையைவிடச் சுமார் 45 மைக்ரோவினாடி முந்துகிறது.

வேகத்தால் 7 குறைவு, உயரத்தால் 45 கூடுதல். நிகரம் 38 மைக்ரோவினாடி. அந்த நேரத்தில் ஒளி 11 கி.மீ.-க்கு மேல் போய்விடும். கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்குமான தூரக் கணக்கிலும் அவ்வளவு பிழை சேரும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் வரும் தூரம் அது. அதனால்தான் ஏவும் முன்பே அந்தக் கடிகாரங்களைத் துளி மெதுவாக ஓடும்படி வைத்து அனுப்புகிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய அன்று தம்பியும் கூட உட்கார்ந்திருந்தான். கருவியைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்குள்ளயா?" என்றான்.

வட்டமிட்ட எண்

அந்த 4.4 மில்லிமீட்டரை இரட்டிப்பாக்குங்கள். சுமார் 9 மில்லிமீட்டர். பூமி முழுவதையும் அந்த ஆரத்துக்குள், ஏறக்குறைய ஒரு கோலிக்குண்டு அளவுக்கு நசுக்கினால் அது கருந்துளை. படகில் இருந்த எண்ணும் கருந்துளையின் எண்ணும் ஒன்றேதான். இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒரு நாள் தங்குங்கள்.

சூரியனுக்கு இதே கணக்கு 3 கி.மீ. ஆரம் தரும். 6 கி.மீ. விட்டம் என்றால் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். இனிமேல் பெரிய வாய்பாடு வேண்டாம்: ஒரு சூரிய நிறைக்கு 3 கி.மீ. என்று பெருக்கிக்கொண்டே போகலாம். இந்த ஆரத்துக்கு வழிகாட்டிய தீர்வைக் கண்டுபிடித்தவர் கார்ல் சுவார்ஸ்சைல்டு. முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்துகொண்டே எழுதினார். 1916-இல் அது அச்சானது, அதே ஆண்டு இறந்துபோனார்.

எந்த விண்மீன் இப்படிச் சுருங்கும் என்ற கேள்விக்கு நம் ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும். மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர், 1930-இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு அது. சுமார் 1.4 சூரிய நிறைக்கு மேல் போனால் வெண்குறுமீனால், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனால், தன் எடையைத் தாங்க முடியாது. 1983-இல் நோபல் பரிசு வந்தது.

சரி, இப்போது கடிகாரத்தை கருந்துளைக்கு அருகே கொண்டு போகலாம். ராக்கெட் உந்துதலில் ஓரிடத்திலேயே நிற்கும் கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருந்துளையின் ஆரத்தை நீங்கள் இருக்கும் தூரத்தால் வகுத்து, 1-இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். தூரம் ஆரத்தைப் போல 4/3 மடங்கு என்றால் விடை சரியாகப் பாதி. அங்கே ஒரு மணி நேரம், தொலைவில் இருக்கும் நமக்கு இரண்டு மணி நேரம். தூரமும் ஆரமும் சமமானால் பூஜ்ஜியம். அதுதான் நிகழ்வெல்லை, உள்ளே போனால் ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லை. உள்ளே விழுகிறவருக்கு அவருடைய கடிகாரம் வழக்கம்போலத்தான் ஓடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது நின்றுபோவதுபோல மங்கிச் சிவந்து மறையும். பிள்ளைகள் முதல் நாள் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த ஒரு வர்க்கமூலத்திலேயே பாதி இருக்கிறது.

ஒரு தப்பை மட்டும் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கருந்துளை எதையும் உறிஞ்சுவதில்லை. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையில் ஒரு கருந்துளையை வைத்தால் பூமி இதே பாதையில்தான் சுற்றும். இருட்டும் குளிரும் வரும், அவ்வளவுதான்.

மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே

ஆவணி மாதம் இரவு 8 மணிவாக்கில் தெற்கே பாருங்கள். கேட்டை சிவப்பாகத் தெரியும், அதிலிருந்து தேள் வால்போல வளைந்து மூலத்தில் முடியும். மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையில், சற்று மேலே, பால்வழியின் மையம். துறைமுக விளக்குகள் வானத்தை வெளுத்துவிட்டாலும் கேட்டை தப்பாது, திசை பிடித்துக்கொள்ளலாம். மையத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, தூசு மறைக்கிறது. அகச்சிவப்பில் பார்த்தவர்கள் அங்கே ஒரு விண்மீன் 16 வருடத்துக்கு ஒரு முறை எதையோ சுற்றுவதைக் கண்டார்கள். சுற்றுப்பாதையின் அரை நெட்டச்சு (நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி), பூமி–சூரியன் தூரத்தைப் போல சுமார் 1000 மடங்கு.

இதை எடை போட கெப்ளர் விதியே போதும்: தூரத்தின் கனத்தைச் சுற்றும் வருடங்களின் வர்க்கத்தால் வகுத்தால் சூரிய நிறையில் விடை வரும். 1000-இன் கனம் 100 கோடி. 16-இன் வர்க்கம் 256. வகுத்தால் சுமார் 40 லட்சம் சூரிய நிறை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடலாம். ஆனால் அந்த விண்மீனைக் கால் நூற்றாண்டாக விடாமல் கவனித்ததற்கு ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்சல் இருவருக்கும் 2020-இல் நோபல் கிடைத்தது. கருந்துளை பற்றிய கணிதத்துக்கு ரோஜர் பென்ரோஸும் அதில் பங்கு பெற்றார். 3 கி.மீ.-ஆல் பெருக்குங்கள்: 1.2 கோடி கி.மீ. புதனின் பாதைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அப்புறம் 2019-இல் படம் வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளை. 650 கோடி சூரிய நிறை. நிறையை, அந்த ஆரமுள்ள கோளத்தின் கன அளவால் வகுத்து சராசரி அடர்த்தி பார்க்கச் சொன்னேன். தண்டையார்பேட்டைப் பெண் ஒருத்தி மூன்று முறை கால்குலேட்டரைத் தட்டினாள். மூன்று முறையும் கன மீட்டருக்கு அரை கிலோவுக்கும் குறைவு. "மிஸ், காத்தை விட லேசா இருக்கு, எங்கயோ தப்பு" என்றாள். தப்பே இல்லை, காற்று 1.2 கிலோ. நிறை ஏற ஏற ஆரமும் அதே விகிதத்தில் ஏறும், கன அளவோ அதன் கனமாக ஏறும். கருந்துளை என்றாலே அசுர அடர்த்தி என்று எழுதாதீர்கள். எவ்வளவு நிறை எந்த எல்லைக்குள் என்பதுதான் விஷயம்.

ஈர்ப்பலைக்கு, அதாவது வெளியிலும் காலத்திலும் பரவும் அதிர்வுக்கு, பரீட்சையில் ஒரு வரி போதும்: 2015 செப்டம்பர் 14, சுமார் 36-உம் 29-உம் சூரிய நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 ஆனது; காணாமல் போன 3 அலையாக வந்தது.

எலாஸ்டிக்

அண்டம் விரிவதைப் பார்க்கத்தான் இது. 5 செ.மீ.-க்கு ஒரு புள்ளி வையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு விண்மீன் மண்டலம். இரண்டு பேர் பிடித்து, ஒன்றரை மடங்கு இழுங்கள். எந்தப் புள்ளியை நீங்கள் என்று வைத்துக்கொண்டாலும், பக்கத்துப் புள்ளி 2.5 செ.மீ. விலகியிருக்கும், அதற்கடுத்தது 5, அதற்கும் அடுத்தது 7.5. தூரம் கூடக் கூட வேகம் கூடுகிறது, நடுப்புள்ளி என்று எதுவும் இல்லை. 1929-இல் ஹபிள் அறிவித்த உறவு இதுதான். பிறகு தளர்த்தி, அதன்மேல் ஒரு அலை வரைந்து இழுங்கள். அலைநீளமும் ஒன்றரை மடங்கு. அலைநீளம் இப்படிக் கூடுவதுதான் செம்பெயர்ச்சி; பாதி கூடியதால் மதிப்பு 0.5.

இங்கேயும் கடிகாரம் வருகிறது. அந்த செம்பெயர்ச்சியில் ஒரு சூப்பர்நோவா (வெடிக்கும் விண்மீன்) அங்கே 20 நாளில் மங்கினால், நமக்கு 30 நாளில் மங்கும். உண்மையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கடைசிக் கணக்கு அண்டத்தின் வயது. ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு வினாடிக்கு 70 கி.மீ. என்று விரிகிறது. ஒரு மெகாபார்செக் 3.09×10¹⁹ கி.மீ. 70-ஆல் வகுத்து, வருடத்துக்கு 3.15 கோடி வினாடி என்று மாற்றுங்கள்: 1400 கோடி வருடம். ஏற்றுக்கொண்ட வயது 1380 கோடி. இவ்வளவு நெருங்கி வருவதற்கு, விரிவு முதலில் வேகம் குறைந்து பிறகு கூடியது ஒரு காரணம்; கூடுவதை 1998-இல் கண்டுபிடித்தார்கள்.

அந்த 70-ஐ நம்பி நோட்டை மூடிவிட வேண்டாம். ஆதி அண்டத்திலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கும் மங்கலான ஒளியான நுண்ணலைப் பின்புலத்திலிருந்து கணக்கிட்டால் 67 வருகிறது. சூப்பர்நோவாக்களை வைத்து அளந்தால் 73 வருகிறது. இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, 1460, 1340 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே பாதிப் பக்கம் காலியாக விடுங்கள். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.